சந்தியும் சந்தும்

கதையும் கதைப்பின்னலும் ஒன்றல்ல என்பதிலிருந்துதான் சிறுகதை பற்றிய எந்தப் பாடமும் தொடங்க வேண்டியிருக்கிறது. நிகழ்ச்சிகள் காலவரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பது கதை. அவற்றுள் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகி, அந்தக் காரணம் வாசகருக்கு எப்போது, எந்த அளவில் தெரிய வேண்டும் என்பதை எழுதுபவர் தீர்மானித்து அடுக்குவது கதைப்பின்னல். இ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் வெளிவந்த நாவல் பற்றிய தம் நூலில் ஓர் அரசனின் சாவையும் ஓர் அரசியின் சாவையும் கொண்டு இந்த வேறுபாட்டை விளக்கினார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து வகுப்பறைக்கு அரசனும் அரசியும் தேவைப்படுவதில்லை. கம்பெனி பஸ் போய்விட்டது, ஒரு பெண் சாலையோரத்தில் நின்று அழுதாள் என்றால் அது கதை. பஸ் போனதால் ஷிப்ட் போயிற்று, ஷிப்ட் போனதால் அந்த மாதத்து அட்டெண்டன்ஸ் போனஸும் போயிற்று, அந்தத் தொகையோ ஊரில் ஒருவருக்குத் தருவதாகச் சொல்லிவைத்த தொகை என்பது கடைசி வரியில்தான் தெரிகிறது என்றால் அது கதைப்பின்னல். நடந்தது மாறவில்லை, காரணங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்ட முறையும் அவை வெளிப்படும் வரிசையும்தான் மாறியிருக்கின்றன.

இந்த வரிசையைப் படமாக வரைந்து காட்டும் பழக்கம் ஜெர்மானிய எழுத்தாளர் குஸ்தாவ் ஃப்ரைடாக் 1863இல் நாடகக் கலையின் உத்திகளைப் பற்றி எழுதிய நூலிலிருந்து வருகிறது. அறிமுகம், ஏற்றம், உச்சம், இறக்கம், முடிவு என்று அவர் வரைந்த கூம்பு கிரேக்க நாடகங்களையும் ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் மனத்தில் கொண்டு, ஐந்து அங்க நாடகத்திற்காக வரையப்பட்டது. பின்னால் அது நாவலுக்கும் சிறுகதைக்கும் திரைக்கதைக்கும் பொதுச் சொத்தாகி, எந்தக் கதையைக் கொடுத்தாலும் கரும்பலகையில் ஒரு முக்கோணம் போட்டு, அடியில் பாத்திரங்களின் பெயர்களையும் நுனியில் உச்சக்கட்டத்தையும் எழுதிவிட்டால் பாடம் முடிந்தது என்ற நிலைக்கு வந்து சேர்ந்தது. இந்த முக்கோணம் சில கதைகளுக்கு உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் தமிழின் மிகச் சிறந்த சிறுகதைகளுள் சில அதன் மேல் வைத்ததும் வழுக்கி விழுந்துவிடுகின்றன. விழும் இடத்தைக் கவனித்துப் பார்ப்பதுதான் கதையமைப்பைக் கற்பிக்க நல்ல வழி. அதற்குப் புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ போல் பொருத்தமான கதை வேறில்லை.

அந்தக் கதையை எந்த ஊரில் வைத்துப் படிப்பது என்பதும் இங்கே ஒரு பொருட்டாகிறது. சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டைத் தாண்டி, ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருக்கிறது பென்னலூர். ஒருபுறம் 1998 முதல் கார்கள் வெளிவரும் ஹூண்டாய் ஆலை. தெற்கே ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள் என்று தனித்தனி வளாகங்கள். நடுவே பொறியியல் கற்கும் பிள்ளைகள். பொறியியல் வகுப்புகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் 2022இல் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்ற இரண்டு பாடங்களை முதலாண்டில் சேர்த்தது. முதல் பாடத்திற்கு மொத்தம் 15 பாடவேளைகள். அதில் மொழிக்கும் இலக்கியத்திற்கும் உரிய அலகுக்கு 3 வேளைகள். திராவிட மொழிக் குடும்பத்தில் தொடங்கிச் சங்க இலக்கியம், குறள், காப்பியம், பக்தி இலக்கியம், சிற்றிலக்கியம் வழியாகப் பாரதியார், பாரதிதாசன் வரை அந்த மூன்று வேளைக்குள் வந்தாக வேண்டும். நவீன இலக்கியம் அந்தப் பட்டியலில் ஒரு தொடர். ஒரு தொடரை நூறு பெயர்களால் நிரப்புவதைவிட, மூன்று பக்கக் கதையொன்றைக் கையில் கொடுத்து ஒரு வேளை முழுவதும் அதிலேயே இருப்பது மேல். பென்னலூர் மாணவர்களுக்கு அந்த ஒரு வேளையில் கைகொடுக்கக்கூடிய கருவி ஒன்று ஏற்கெனவே பழக்கமாகியிருக்கிறது என்பதும் இதற்குத் துணை.

‘பொன்னகரம்’ 1934இல் மணிக்கொடி இதழில் வந்தது. அப்போது புதுமைப்பித்தனுக்கு வயது 28. மணிக்கொடி தொடங்கி ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. கதையின் முதல் பாதியில் கதை நடப்பதே இல்லை. புராணிகர்கள் வருணிக்கும் பொன்னகரத்தைப் பற்றி வாசகர் கேள்விப்பட்டிருக்கிறாரா என்று வினவிவிட்டு, கதைசொல்லி அவரை ஒரு சேரிக்குள் அழைத்துப் போகிறார். ரயில் தண்டவாளம், கம்பி வேலி, சந்துகள், மழை வந்தால் பெருகும் சாக்கடை, அதில் மிதந்துவரும் பண்டங்களைப் பிடிக்கும் பிள்ளைகள், ஓடும் ரயிலைப் பார்த்து ஆங்கிலத்தில் வணக்கம் கூவும் பிள்ளைகள், குடிதண்ணீர்க் குழாய் என்று ஊர்தான் நம் முன்னால் நிற்கிறது. பிறகுதான் அம்மாளு வருகிறாள். அவள் மில் கூலி. அவள் கணவன் முருகேசன் ஜட்கா வண்டி ஓட்டுபவன். குடும்பத்தைக் கணக்கெடுக்கும் கதைசொல்லி குதிரையையும் சேர்த்தே எண்ணுகிறார். ஒரு நாள் முருகேசனும் குடித்து, குதிரைக்கும் ஊற்றி, உற்சாகத்தில் வண்டியை விரட்ட, வண்டி கவிழ்கிறது. குதிரைக்கும் அடி, அவனுக்கும் ஊமையடி. படுத்துக் கிடக்கும் அவன் பால் கஞ்சி கேட்கிறான். வீட்டில் காசில்லை, மில்லில் கூலி போடும் நாள் இன்னும் வரவில்லை. அம்மாளு இருட்டில் தண்ணீர் எடுக்கப் போகிறாள். அவள் மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த ஒருவன் சந்தில் நிற்கிறான். அடுத்த வரியில் அவள் முக்கால் ரூபாய் சம்பாதித்துவிட்டாள் என்று கதைசொல்லி அறிவிக்கிறார். உடனே கற்பைப் பற்றிப் பேசுவோரை நோக்கித் திரும்பி, இதுதான் பொன்னகரம் என்று முடித்துவிடுகிறார்.

முக்கோணத்தை இதன் மேல் வைத்துப் பார்த்தால் அறிமுகம் மட்டும் பாதிக் கதையை விழுங்கிவிடுகிறது. ஏற்றம் நான்கைந்து வரி. இறக்கம் இல்லவே இல்லை. உச்சம் நடக்கும் இடத்தில் எழுத்தே இல்லை. முக்கோணத்தை நம்பும் ஆசிரியர், கதை சமநிலை தவறியது, முன்பகுதி நீண்டுவிட்டது, முடிவு அவசரம் என்று மதிப்பெண் போடக்கூடும். அங்கேதான் பென்னலூர் மாணவரின் கையிலுள்ள மற்றொரு கருவியை எடுக்கச் சொல்ல வேண்டும்.

தொழிற்சாலைகளில் பழுதின் வேர்க்காரணத்தைத் தேட ‘ஐந்து ஏன்’ என்றொரு முறை உண்டு. டொயோட்டாவின் உற்பத்தி முறையை வகுத்த டாயிச்சி ஓனோ அதைப் பரவலாக்கினார். இயந்திரம் நின்றது என்றால் ஏன் என்று கேட்பது. வந்த விடைக்கும் ஏன் என்று கேட்பது. இப்படி ஐந்து முறையாவது இறங்கினால், எரிந்த ஃப்யூஸை மாற்றிவிட்டு நகர்ந்துவிடாமல், ஃப்யூஸ் எரிவதற்குக் காரணமான, யாரும் கவனிக்காத வடிகட்டிவரை போகலாம் என்பது அதன் கருத்து. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் இன்டெர்ன்ஷிப் போன மாணவர் எவரும் இந்தக் கேள்விகளுக்கான தாளை நிரப்பியிருப்பார், அல்லது பக்கத்தில் ஒருவர் நிரப்பக் கண்டிருப்பார். கதைப்பின்னல் காரணங்களின் கோவை என்றால், கடைசி வரியிலிருந்து பின்னோக்கி ஏன் கேட்டுக்கொண்டே போவது அதைப் பிரித்துப் பார்க்கும் நேர்வழிதானே.

முக்கால் ரூபாய் ஏன்? பால் கஞ்சிக்கு. பால் கஞ்சி ஏன்? முருகேசனுக்கு அடிபட்டது. ஏன் அடிபட்டது? வண்டி கவிழ்ந்தது. ஏன் கவிழ்ந்தது? அவனும் குதிரையும் குடித்திருந்தார்கள். இங்கே நிறுத்தினால் குற்றம் முருகேசனுடையது, தாளும் நிரம்பிவிட்டது. தொழிற்சாலைத் தாள்களும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கின்றன. ‘ஆபரேட்டர் கவனக்குறைவு’ என்று எழுதிவிட்டால் மேற்கொண்டு யாரும் எதுவும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் இதே கதையில் இன்னொரு கோவையும் ஓடுகிறது. அடிபட்டவனுக்குக் கஞ்சி வைக்க வீட்டில் ஏன் காசில்லை? இருவர் உழைத்தும் மிச்சமில்லை. உழைத்த கூலியாவது ஏன் கையில் இல்லை? கூலி, மில் வைத்த நாளில்தான் வரும். வேலை செய்யும் பெண் ஏன் இருட்டில் வெளியே போகிறாள்? தண்ணீர் குழாயடியில்தான் இருக்கிறது. குழாயடிக்குப் போகும் வழி ஏன் அந்தச் சந்து? ஊர் அப்படிக் கிடக்கிறது. இந்த இரண்டாம் கோவையின் கடைசிக் கண்ணிகள் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று மாணவர் பக்கத்தைத் திருப்பினால், அவை கதையின் முதல் பாதியில், முக்கோணம் ‘அறிமுகம்’ என்று ஒதுக்கிய பகுதியில் கிடக்கின்றன. தண்டவாளம், வேலி, சந்து, குழாய் எல்லாம் அம்மாளுவின் பின்னால் தொங்கும் படுதா போலத் தெரிந்தவை. அவை அவளைத் தள்ளிக்கொண்டுவந்த காரணங்கள் என்பது பின்னோக்கிப் படிக்கும்போதுதான் தெரிகிறது. புதுமைப்பித்தன் விளைவை இரண்டே வரியில் சொல்வதற்காகக் காரணத்தை ஒன்றரைப் பக்கம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார். முன்பகுதி நீளம் என்ற குற்றச்சாட்டு அங்கே உதிர்ந்துவிடுகிறது.

இடம் ஒரு காரணம் என்பது இந்த வட்டாரத்திற்குப் புதிய செய்தியும் அல்ல. 2021 டிசம்பரில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள், தங்கள் விடுதியில் உணவு உண்டு பலர் நோயுற்றதை அடுத்து, சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். வேலைக்களத்தில் நடந்த எதுவும் அதற்குக் காரணமில்லை. சோறும் அறையும் தண்ணீரும்தான் காரணம். செய்தியாகச் சொல்லும்போது மறியல்தான் உச்சம், விடுதி வெறும் பின்னணி. கதையாகச் சொல்லும் கை தேர்ந்தவர் விடுதியிலிருந்துதான் தொடங்குவார், அங்கேயே வெகுநேரம் நிற்பார். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. எந்தக் காரணத்தைத் தொட்டால் எது மாறும் என்ற கேள்விக்கு அந்தக் கட்டடமும் ஒரு வகை விடைதான், முழு விடையா என்பது வேறு.

இனி, எழுத்தே இல்லாத அந்த உச்சத்திற்கு வரலாம். சந்தின் இருட்டுக்கும் முக்கால் ரூபாய்க்கும் இடையே கதையில் ஒன்றும் இல்லை. அவள் என்ன நினைத்தாள், அவன் என்ன சொன்னான், அவள் தயங்கினாளா என்ற எதற்கும் ஒரு சொல் கிடையாது. மணிக்கொடிக் காலத்து எழுத்தாளர் வேறொருவர் கையில் அந்த இடம் ஒரு பக்கம் நீண்டிருக்கும். அவள் கண்ணீரும் கணவனின் முனகலும் வந்திருக்கும். வாசகர் அவளை மன்னித்துவிட்டு நிம்மதியாகப் புத்தகத்தை மூடியிருப்பார். புதுமைப்பித்தன் அந்த வாய்ப்பைக் கொடுக்கவில்லை. காட்சியை எடுத்துவிட்டு அதன் இடத்தில் ஒரு தொகையை வைக்கிறார். அதுவும் ‘சம்பாதித்தாள்’ என்ற வினையோடு. மில்லில் நெய்தாலும் ஜட்கா ஓட்டினாலும் ஊர் பயன்படுத்தும் அதே வினை. கூலி போடும் நாளுக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு, உடனே கிடைத்த கூலி அது என்ற கொடுமை அந்த ஒரு வினையில் அடங்கியிருக்கிறது. மாணவர்களிடம் விடுபட்ட காட்சியை எழுதிப் பார்க்கச் சொன்னால், எழுதி முடித்தபின் அதைக் கதைக்குள் செருகிப் படிக்கச் சொன்னால், கதை எப்படித் தொய்ந்துபோகிறது என்று அவர்களுக்கே தெரியும். கதைப்பின்னலில் இல்லாத பகுதியும் ஒரு பகுதி என்பதை இதைவிட நேராகச் சொல்லிக்கொடுக்க முடியாது.

தமிழில் கதையமைப்பைப் பேச ஃப்ரைடாக் வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. சிலப்பதிகாரத்திற்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், நாடகத்தின் பொருத்துகளை ‘சந்தி’ என்று குறித்து, முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என ஐந்தாக வகுக்கிறார். வடமொழி நாடக நூல்களின் பஞ்ச சந்தி இதற்கு உறவு. ஆனால் அவர் தரும் விளக்கம் வயலிலிருந்து எடுத்தது. உழுது பதப்படுத்திய நிலத்தில் இட்ட விதை முளைப்பது முகம். முளை இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். கரு முற்றி நிற்பது கருப்பம். கதிர் விளைந்து முற்றுவது விளைவு. அதை அறுத்துப் போரடித்துத் தூற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் உண்பது துய்த்தல். கூம்பில் ஏறி இறங்கும் படத்திற்கும் இந்தப் படத்திற்கும் பெரிய வேறுபாடு உண்டு. கூம்பில் உச்சம் நடுவில் இருக்கிறது, முடிவு தரையில் கிடக்கிறது. வயலில் எல்லாம் கடைசி உருண்டைச் சோற்றை நோக்கிப் போகிறது. மேலும், விதைக்கு முன்னால் நிலம் இருக்கிறது, அதை உழுதாக வேண்டியிருக்கிறது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த மண்ணைச் சிப்காட்டுக்குக் கொடுத்துவிட்ட ஊர்களின் பிள்ளைகளுக்கு, போரடிப்பதென்றால் என்ன, தூற்றுவதென்றால் என்ன என்று இன்று விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கும். சிலருக்கு வீட்டில் பாட்டியிடம் கேட்டால் கிடைக்கும்.

‘பொன்னகர’த்தை இந்தப் படத்தின் மேல் வைத்தால் அது விழாமல் நிற்கிறது. முன்பகுதி முழுவதும் நிலம். முருகேசனின் விபத்து விதை, கஞ்சி ஆசை நாற்று, காசில்லாமை கருப்பம், முக்கால் ரூபாய் விளைவு. துய்த்தல் எங்கே என்று கேட்டால், அது பால் கஞ்சி. உண்பதில் முடிய வேண்டிய கதையை, உண்பதற்கு ஒரு நொடி முன்னால் ஆசிரியர் அறுத்துவிட்டார். முருகேசன் கஞ்சி குடிக்கும் காட்சி கதையில் இல்லை. அறுவடைக்குரிய நிறைவு வாசகருக்கு மறுக்கப்படுகிறது. அந்த இடத்தில்தான் கதைசொல்லியின் கோபம் வந்து நிற்கிறது. சொல்லளவில் இன்னொன்றும் தட்டுப்படுகிறது. சந்தி என்பது பொருத்து; சந்து என்பதற்கு ஒடுங்கிய தெரு என்பதோடு பொருத்து, பிளவு, இடைவெளி என்ற பொருள்களும் தமிழில் உண்டு. இந்தக் கதையின் முக்கியமான சந்தி ஒரு சந்துக்குள், எழுத்தில்லாத இடைவெளியாக இருக்கிறது. ஆசிரியர் இதை நினைத்து எழுதினாரா என்பது கேள்வியில்லை. மொழி அந்த வாய்ப்பை வைத்திருந்தது, கதை அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஒப்பிட்டுப் பார்க்க அதே ஆசிரியரின் ‘மனித யந்திரம்’ போதும். நாற்பத்தைந்து ஆண்டுகள் ஒரே கடையில் கணக்கெழுதிய மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஓர் இரவு கடைப் பணத்தை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு ஓடிவிடும் எண்ணத்தோடு ரயில் நிலையம் வரை போய்த் திரும்பி, பணத்தை இருந்த இடத்திலேயே வைத்து, செலவான சிறு தொகையைத் தம் பற்றில் எழுதிவிடுகிறார். இதற்கு முக்கோணம் ஓரளவு பொருந்துகிறது: ஏற்றம் இருக்கிறது, இறக்கம் இருக்கிறது. ஆனால் தொடங்கிய புள்ளியிலேயே வந்து நிற்பதால் அது ஒரு சக்கரமும் ஆகிறது. ஒரு சுற்று முடிந்தது, நாளைக்கு அடுத்த சுற்று. தலைப்பிலுள்ள யந்திரம் கதையமைப்பிலேயே ஓடுகிறது. மூன்று ஷிப்ட்டில் ஓடும் வட்டாரத்தில் இதைத் தனியே விளக்க வேண்டியிருக்காது.

‘பொன்னகர’த்தைக் கற்பிப்பதில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைத்துக் கற்பிக்கக் கூடாது. 2014இல் சென்னைப் பல்கலைக்கழகம், ஒடுக்கப்பட்ட மக்களை இழிவாகக் காட்டுகின்றன என்ற எதிர்ப்பை அடுத்து, ‘பொன்னகரம்’, புதுமைப்பித்தனின் மற்றொரு கதையான ‘துன்பக்கேணி’ இரண்டையும் பாடத்திலிருந்து விலக்கியது. விலக்கியது தவறு என்பதே இந்தக் கட்டுரையின் நிலை. ஆனால் எதிர்ப்பில் இருந்த கேள்வி கதையமைப்பைப் பற்றிய கேள்வியும்கூட. கதைசொல்லி தொடக்கத்தில் ‘நீங்கள்’ என்று ஒருவரை அழைத்து ஊரைச் சுற்றிக் காட்டுகிறார். முடிவில் அதே ‘நீங்கள்’ மேல் பாய்கிறார். இரண்டு விளிகளும் கதையை இரு முனையிலும் பூட்டும் தாழ்கள். அந்த ‘நீங்கள்’ ரயிலுக்குள் உட்கார்ந்திருப்பவர், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் பார்ப்பவர், 1934இல் மணிக்கொடியைக் காசு கொடுத்து வாங்கக் கூடியவர். அவரைக் குத்துவதற்காக முழுக் கதையும் திட்டமிட்டுக் கட்டப்பட்டிருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாசிக்க ஒருவர் வருவார் என்று கதையமைப்பு எதிர்பார்க்கவில்லை.

பென்னலூர் வகுப்பறையில் அவர் வந்துவிட்டார். குடும்பத்தில் முதல் முறையாகக் கல்லூரிக்கு வந்த, தாயோ அக்காவோ பக்கத்துக் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கும் மாணவி ஒருத்தியை நோக்கிக் கடைசி வரியின் விரல் நீளுவதில்லை. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை நோக்கி நீளலாம். அவள் இந்தக் கதையை வேறு இடத்திலிருந்து வாசிக்கிறாள். சந்துக்குள் என்ன நடந்தது என்று அவள் கேட்க மாட்டாள். அடிபட்ட குதிரையை வைத்து இனி யார் வண்டி ஓட்டுவது, மறுநாள் காலை அம்மாளு மில்லுக்குப் போனாளா, கூலி போட்ட நாளில் கையில் எவ்வளவு வந்தது என்று கேட்பாள். அந்த மூன்று கேள்விகளும் ஃப்ரைடாக்கின் இறக்கத்தில் வர வேண்டியவை, புதுமைப்பித்தன் எழுதாமல் விட்டவை. அவற்றை எழுதும் பயிற்சிக்கு அந்த ஒரு வேளையில் மீதமுள்ள நேரத்தைக் கொடுக்கலாம்.